வாலில்லாத முகவரி: இணையத்தளம் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடை, விடுதி, கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று சின்னச் சின்ன இணையத்தளங்கள் பெருகி வருகின்றன. அவற்றை நடத்துவோர் முகவரி பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டபடியே எழுதி, சுகமானதில் தொடங்கிச் சிக்கலானது வரை அடுக்கியிருக்கிறோம்.

ஒரு குறிப்பு: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் வரும். பக்கப் பெயர்களுக்குச் சிற்றெழுத்தை மட்டும் பாவியுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முகவரிக்குப் பின்னால .எச்டிஎம்எல், .பிஎச்பி எண்டு ஒரு வால் தொங்குதே, அது என்னத்துக்கு?

சேர்வர் ஒரு கணினி. அதில் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றும் சொல்லாமல் விட்டால், முகவரியில் உள்ள பெயரிலேயே கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கும். நீங்கள் "விலை.எச்டிஎம்எல்" என்ற பெயரில் கோப்பை ஏற்றியிருந்தால், முகவரியும் "/விலை.எச்டிஎம்எல்" ஆகிவிடுகிறது. யாரும் விரும்பி வைத்த வால் அல்ல அது.

உலாவிக்கு அந்த வால் தேவையே இல்லை. பக்கத்தை அனுப்பும்போது "இது எச்டிஎம்எல்" என்றோ "இது படம்" என்றோ சேர்வர் ஒரு தலைப்புக் குறிப்பையும் சேர்த்து அனுப்பும். உலாவி பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். ஆகவே வாலை எடுத்துவிட்டால் பக்கம் திறக்காது என்று பயப்பட வேண்டியதில்லை.

இருந்தா இருந்திட்டுப் போகட்டுமே, அதால என்ன நட்டம்?

போனில் ஒருவருக்கு முகவரி சொல்லிப் பாருங்கள். "கடைப் பேர், சாய்கோடு, விலை" என்றால் அவர் எழுதிவிடுவார். "விலை, புள்ளி, பி, எச், பி, கேள்விக்குறி, ஐடி, சமன், பதினாலு" என்றால் பாதியில் விட்டுவிடுவார். கடைப் போர்டிலும் விசிட்டிங் காட்டிலும் அதே கதைதான்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வால், உள்ளே ஓடும் தொழில்நுட்பத்தை வெளியே எழுதி வைக்கிறது. இன்று சாதாரண எச்டிஎம்எல், அடுத்த வருடம் பிஎச்பி, பிறகு வேர்ட்பிரஸ் என்று மாறினால் ஒவ்வொரு முறையும் எல்லா முகவரியும் மாறும். முன்பு பகிர்ந்த லிங்க் எல்லாம் செத்துப் போகும். வலையை உருவாக்கிய டிம் பேனர்ஸ்-லீ 1998இலேயே இதை எழுதிவிட்டார்: கோப்பின் வால் பின்னாளில் மாறக்கூடியது, அதை முகவரிக்குள் கொண்டுவராதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இரண்டு பொய் நம்பிக்கைகளையும் விட்டுவிடுங்கள். வாலை மறைத்தால் தளத்தை உடைப்பவர்களிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்காது. வாலை எடுத்ததும் கூகுளில் முதலிடம் வந்துவிடாது. மனிதர் வாசிக்கவும், முகவரி நீண்டகாலம் மாறாமல் நிற்கவும்தான் இந்த வேலை. அந்த இரண்டுமே போதுமான காரணம்.

எனக்குக் கோட் எதுவும் தெரியாது. ஆகச் சுகமான வழி எது?

கோப்புறை வழி. "விலை.எச்டிஎம்எல்" இருக்கும் இடத்தில் "விலை" என்று ஒரு கோப்புறை உண்டாக்குங்கள். அந்தக் கோப்பை உள்ளே நகர்த்தி, பெயரை "இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்" என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். யாராவது "/விலை/" என்று கேட்டால் சேர்வர் கோப்புறைக்குள் போய் இண்டெக்ஸ் கோப்பை எடுத்துக் கொடுக்கும். பிஎச்பி பக்கமென்றால் "இண்டெக்ஸ்.பிஎச்பி".

பத்துப் பதினைந்து பக்கமுள்ள தளத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விதி எழுதத் தேவையில்லை, எந்த ஹோஸ்டிங்கிலும் ஓடும், நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினாலும் கூடவே வரும். மருதமுனைக் கைத்தறிக் கடை ஒன்றுக்கு "/சாரி/", "/சாரம்/", "/தொடர்பு/" என்று மூன்று கோப்புறை இருந்தால் வேலை முடிந்தது. இருநூறு பொருளுக்கு இருநூறு கோப்புறை என்று வரும்போதுதான் வேறு வழி தேட வேண்டும்.

நீங்க சொன்ன மாதிரிக் கோப்புறை போட்டன். இப்ப படங்களெல்லாம் காணாமப் போச்சு, எழுத்தும் வெறும் கறுப்பா வருகுது.

பக்கம் ஒரு படி உள்ளே போய்விட்டது. படங்களின் பாதை பழைய இடத்திலேயே நிற்கிறது. பக்கத்துக்குள் "படங்கள்/தறி.ஜேபிஜி" என்று எழுதியிருந்தால், உலாவி அதை "/விலை/படங்கள்/தறி.ஜேபிஜி" என்று தேடும். அங்கே ஒன்றும் இல்லை. வடிவமைப்புக் கோப்பான சிஎஸ்எஸ்ஸுக்கும் இதேதான் நடக்கிறது. அதனால்தான் எழுத்து வெறுமையாக வருகிறது.

பாதையின் முன்னால் ஒரு சாய்கோடு போடுங்கள்: "/படங்கள்/தறி.ஜேபிஜி". அந்தச் சாய்கோடு "தளத்தின் வேரிலிருந்து, அதாவது ஆக மேலுள்ள கோப்புறையிலிருந்து தொடங்கு" என்று சொல்கிறது. பிறகு பக்கம் எத்தனை படி உள்ளே இருந்தாலும் படம் கிடைக்கும். மெனுவில் உள்ள லிங்குகளையும் இப்படியே மாற்றுங்கள். தளம் ஒரு துணைக் கோப்புறைக்குள் ஓடினால், அந்தக் கோப்புறையின் பெயரும் சாய்கோட்டுக்குப் பின் வர வேண்டும். பிஎச்பி பக்கத்தை நகர்த்தியிருந்தால் தலைப்பகுதி, அடிப்பகுதிக் கோப்புகளை இணைக்கும் வரிகளையும் பாருங்கள். அவை சேர்வரின் உள்ளே தேடப்படுபவை. முகவரியின் சாய்கோடு அவற்றுக்குச் சரிவராது.

.எச்டிஆக்சஸ் கோப்பில எழுதணும் எண்டாங்க. அந்தக் கோப்பு எங்க இருக்கு? கண்ணுக்கே தெரியல்லயே.

அப்பாச்சி என்ற சேர்வர் மென்பொருளுக்கு விதிகளைச் சொல்லும் கோப்பு அது. புள்ளியில் தொடங்கும் பெயர், பல சேர்வர்கள் ஓடும் லினக்ஸில் மறைந்திருக்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகையான சீபனலின் பைல் மனேஜரில் வலது மேல் மூலையில் உள்ள செட்டிங்ஸைத் திறந்து, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லும் பெட்டியில் சரி போடுங்கள். தளத்தின் வேர்க் கோப்புறையில் அது இருக்கும். இல்லையென்றால் அதே பெயரில் புதிதாக ஒன்று உண்டாக்கலாம்.

உங்கள் கணினியில் நோட்பாடில் எழுதி ஏற்றுவதானால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நோட்பாட் சத்தமில்லாமல் ".டிஎக்ஸ்டி" என்று ஒரு வாலை ஒட்டிவிடும், அப்படி ஏறினால் சேர்வர் அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. சேமிக்கும்போது "யூடிஎஃப்-8 வித் பிஓஎம்" என்பதைத் தெரிவுசெய்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். முதல் வரியே பிழையாகித் தளம் முழுக்க 500 என்ற சேர்வர்ப் பிழையைக் காட்டும். பைல் மனேஜரிலேயே திருத்துவது சுகம். திருத்த முன் பழைய கோப்பின் பிரதி ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் முழுத் தளமும் நின்றுவிடும்.

சரி, அதுக்குள்ள என்ன எழுதணும்? நெட்டில இருந்து கொப்பி பண்ணினா ஒண்டு வேலை செய்யுது, ஒண்டு செய்யுதில்ல.

நான்கு வரி போதும். ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் கொப்பி பண்ணத் தேவையில்லை.

முதல் வரி "ரீரைட்எஞ்சின் ஆன்". முகவரி மாற்றும் எந்திரத்தை இயக்குகிறது. இரண்டாம் வரி "ரீரைட்கொண்ட்" என்று தொடங்கும் நிபந்தனை: கேட்கப்பட்டது உண்மையான கோப்புறை அல்ல. இதன் குறி "!-டி", ஆச்சரியக்குறிக்கு "இல்லை" என்று பொருள். மூன்றாம் வரியும் நிபந்தனைதான்: தளத்தின் வேரில், கேட்ட பெயரோடு ".பிஎச்பி" சேர்த்தால் அப்படியொரு கோப்பு உண்மையில் இருக்கிறது. இதன் குறி "-எஃப்". நான்காம் வரி "ரீரைட்ரூல்", அதாவது விதி. அதன் வடிவம் `^([^/]+)/?$`. "நடுவில் சாய்கோடு இல்லாத ஒரு சொல், முடிவில் சாய்கோடு இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி" என்று அதை வாசிக்க வேண்டும். அடைப்புக்குள் பிடிபட்ட சொல் $1 ஆகிறது. விதியின் வலப்பக்கத்தில் $1ஐத் தொடர்ந்து ".பிஎச்பி" வரும். இறுதியில் சதுர அடைப்புக்குள் "எல்". இதோடு இந்தச் சுற்றை நிறுத்து என்று அர்த்தம்.

மூன்றாம் வரியிலும் $1ஐயே பாவியுங்கள். நிபந்தனை மேலே எழுதப்பட்டாலும், அப்பாச்சி முதலில் விதியின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் நிபந்தனைக்குத் திரும்பும். அதனால் கீழே பிடிபட்ட $1 மேலே செல்லும். நெட்டில் கிடைக்கும் பல விதிகள் இந்த இடத்தில் "ரிக்வெஸ்ட்_ஃபைல்நேம்" என்பதைப் போட்டு, வடிவத்தையும் "எதுவானாலும் சரி" என்று விட்டுவிடுகின்றன. அப்போது யாராவது "/விலை/ஏதோ" என்று கேட்டால், வால் மேல் வால் ஒட்டிக்கொண்டே சுற்றிப் பத்துச் சுற்றில் 500 காட்டி நிற்கும். இன்னொன்று, இந்தக் கோப்புக்குள் எழுதும் வடிவத்தின் தொடக்கத்தில் சாய்கோடு வராது. அப்பாச்சி அதை முன்பே நீக்கிவிடும். சேர்வரின் பிரதான அமைப்புக் கோப்புக்காக எழுதிய விதியில் அது இருக்கும். கொப்பி பண்ணியது வேலை செய்யாமல் போக இதுவே போதும்.

புது முகவரி திறக்குது. பழைய .பிஎச்பி முகவரியும் திறக்குதே, அப்ப என்ன பிரயோசனம்?

ரீரைட் வேறு, ரீடிரெக்ட் வேறு. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய் ஒரு படிவம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அலுவலர் உள்ளே போய் வேறு அறையிலிருந்து எடுத்து வந்து தருகிறார். நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். அது ரீரைட். "இது இங்கே இல்லை, ஏழாம் யன்னலுக்குப் போங்கள்" என்று சொன்னால் நீங்கள் நடக்க வேண்டும். அது ரீடிரெக்ட். முந்திய பதிலில் எழுதியது ரீரைட் மட்டும். பழைய முகவரியில் வருவோரைப் புதியதற்கு அனுப்ப ரீடிரெக்டும் வேண்டும்.

நான்கு வரிகளின் நடுவே, "ரீரைட்எஞ்சின்" வரிக்கு அடுத்ததாக இன்னொரு நிபந்தனையையும் விதியையும் போடுங்கள். நிபந்தனை "த_ரிக்வெஸ்ட்" என்பதைச் சோதிக்க வேண்டும்: உலாவி முதலில் அனுப்பிய வரியில் ".பிஎச்பி" இருந்ததா என்று. விதி, வாலை வெட்டிவிட்டு "ஆர்=301" குறியோடு புதிய முகவரிக்கு அனுப்பும். 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது என்று அர்த்தம். தேடுபொறிகளும் பழையதை விட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும்.

சோதிக்கும்போது 301 போடாதீர்கள், தற்காலிகம் என்று சொல்லும் 302 போடுங்கள். 301ஐ உலாவி மனப்பாடம் செய்துவிடும். விதியில் பிழைவிட்டுப் பிறகு திருத்தினாலும், உங்கள் போன் பழைய பிழையான இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். திருத்தம் வேலை செய்யவில்லை என்று நினைத்து நல்ல விதியையும் கெடுத்துவிடுவீர்கள். எல்லாம் சரியான பிறகு 301க்கு மாற்றுங்கள்.

'டூ மெனி ரீடிரெக்ட்ஸ்' எண்டு வந்து நிக்குது. என்ன செய்யிற?

ஒரு விதி வாலை வெட்டுகிறது, அடுத்த விதி வாலை ஒட்டுகிறது, ஒட்டியதைப் பார்த்து முதல் விதி மறுகா வெட்டுகிறது. இந்தச் சுற்றை உலாவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. மேலே "த_ரிக்வெஸ்ட்" என்று வற்புறுத்தியது இதற்காகத்தான்: உள்ளே ஒட்டப்பட்ட வால் அதில் தெரியாது, வெளியிலிருந்து வந்தவர் கேட்டது மட்டுமே தெரியும். "எல்" குறி மட்டும் இதைத் தடுக்காது, ஏனென்றால் மாற்றிய முகவரியை அப்பாச்சி மறுபடியும் முதல் வரியிலிருந்து ஓட்டும். அப்பாச்சி 2.4இல் "எண்ட்" என்ற குறி இருக்கிறது. அது மறுசுற்றையும் நிறுத்தும்.

முகவரி விதியில் குற்றம் இல்லாமலும் இந்தப் பிழை வரலாம். தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற இடைச் சேவை இருந்து, அது உங்கள் சேர்வரோடு பூட்டில்லாத எச்டிடிபியில் பேசி, சேர்வரோ எல்லோரையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினால் அதே சுற்றல்தான். அங்கே "ஃபிளெக்சிபிள்" என்றிருப்பதை, சேர்வரில் சான்றிதழ் போட்ட பிறகு "ஃபுல் ஸ்ட்ரிக்ட்" ஆக்குங்கள்.

எழுதினன், ஆனா ஒரு மாற்றமும் இல்ல. பக்கம் இல்லையெண்டு 404தான். கோப்பைச் சேர்வர் வாசிக்குதா இல்லயா எண்டு எப்படித் தெரியும்?

கோப்பின் முதல் வரியில் அர்த்தமில்லாத ஒரு சொல்லை, "அபகட" என்பதுபோல் ஒன்றை ஆங்கில எழுத்தில் போட்டுச் சேமித்துத் தளத்தைத் திறந்து பாருங்கள். 500 வந்தால் நல்ல செய்தி: சேர்வர் கோப்பை வாசிக்கிறது, பிழை விதியில். அப்பாச்சியில் தளம் ஒன்றும் நடக்காததுபோல் திறந்தால் கோப்பை வாசிக்கவே இல்லை. பார்த்த உடனே அந்தச் சொல்லை அழித்துவிடுங்கள்.

வாசிக்காததற்கு மூன்று காரணம் வழக்கம். கோப்பு பிழையான கோப்புறையில் இருக்கலாம். சேர்வர் அப்பாச்சியே இல்லாமல் இருக்கலாம். அது அடுத்த கேள்வியில். அல்லது "அலவ்ஓவர்ரைட்" என்ற அமைப்பு "நண்", அதாவது எதையும் ஏற்காதே என்றிருக்கலாம். அப்பாச்சி 2.4இல் ஒன்றும் மாற்றாவிட்டால் அது "நண்"தான். சொந்தமாக உபுண்டு சேர்வர் எடுத்தவர்கள் ஆக மாட்டுப்படும் இடம் இது. தளத்தின் அமைப்பில் அதை "ஆல்" ஆக்கி, "ஏ2என்மொட் ரீரைட்" என்ற கட்டளையால் ரீரைட் பகுதியையும் இயக்கி, அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யுங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் இவை முன்பே திறந்திருக்கும்.

குப்பைச் சொல் இல்லாமலே 500 வந்தால் சீபனலின் "எரர்ஸ்" பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனையாம் வரியில் என்ன பிழை என்று அங்கே எழுதியிருக்கும். ஊகிப்பதைவிட அது விரைவு.

எங்கட ஹோஸ்டிங் என்ஜின்எக்ஸ் எண்டு சொன்னாங்க. அதிலயும் இது ஓடுமா?

ஓடாது. என்ஜின்எக்ஸ் வேறொரு சேர்வர் மென்பொருள், .எச்டிஆக்சஸை அது வாசிப்பதில்லை. அங்கே தளத்தின் அமைப்புக் கோப்பில் "ட்ரை_ஃபைல்ஸ்" என்ற ஒரு வரி: முதலில் கேட்ட பெயரையே பார், பிறகு .எச்டிஎம்எல் சேர்த்துப் பார், பிறகு கோப்புறையாகப் பார், ஒன்றுமில்லை என்றால் 404 கொடு. லைட்ஸ்பீட் சேர்வர் .எச்டிஆக்சஸை வாசிக்கும். விண்டோஸின் ஐஐஎஸ்ஸுக்கு வெப்.கன்ஃபிக் என்ற வேறு கோப்பும், ரீரைட் பகுதியைத் தனியாக நிறுவுவதும் வேண்டும். கிட்ஹப் பேஜஸில் "/விலை" என்று கேட்டாலே விலை.எச்டிஎம்எல் வரும், ஒன்றும் செய்யத் தேவையில்லை.

என்ஜின்எக்ஸில் ஓர் ஆபத்து, இதைக் கட்டாயம் கவனியுங்கள். அந்த வரியின் நடுவில் .எச்டிஎம்எல்லுக்குப் பதிலாக .பிஎச்பி என்று மாற்றினால், பிஎச்பி கோப்பு ஓடாது. அதன் மூலக் குறியீடு அப்படியே பார்ப்பவருக்கு இறங்கிவிடும். தரவுத்தளக் கடவுச்சொல் அதில் எழுதியிருந்தால் அதுவும் போகும். பிஎச்பிக்கு, வரியின் இறுதியில் பெயரிட்ட ஒரு பகுதிக்குத் திருப்பி, அங்கே வாலை ஒட்டி, பிஎச்பியை ஓட்டும் பகுதிக்கு அனுப்ப வேண்டும். அந்த அமைப்பைத் தொட அனுமதி இல்லாதவர்களுக்குக் கோப்புறை வழியே கைகொடுக்கும்.

நானா, எங்கட கடையில முந்நூறு சாமான். பொருள்.பிஎச்பி?ஐடி=14 எண்டு வருகுது. இதை எப்படி '/பொருள்/கைத்தறிச்-சாரி' எண்டு ஆக்கிற?

இங்கே விதி மட்டும் போதாது. தரவுத்தளத்திலும் வேலை இருக்கிறது. பொருள் அட்டவணையில் "முகவரிச் சொல்" என்று ஒரு நிரல் சேர்த்து, ஒரே சொல் இரண்டு பொருளுக்கு வராதபடி "யுனிக்" போடுங்கள். பிறகு விதி: "/பொருள்/" என்பதற்கு அடுத்து வரும் சொல்லைப் பிடித்துப் பொருள்.பிஎச்பியிடம் கொடு. "கியூஎஸ்ஏ" குறியையும் சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் பேஸ்புக் விளம்பரத்திலிருந்து வருவோரின் முகவரியில் ஒட்டியிருக்கும் கேள்விக்குறிப் பகுதி தொலைந்துவிடும். பிஎச்பி உள்ளே அந்தச் சொல்லை வைத்துத் தேடும்போது அதை நேரே தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வரியில் ஒட்டாதீர்கள். "பிரிப்பேர்" செய்த கேள்வியாக அனுப்புங்கள். முகவரியில் யாரும் எதையும் எழுதலாம்.

பொருளின் பெயர் மாறக்கூடும் என்றால் எண்ணையும் சேர்த்து "/பொருள்/14-கைத்தறிச்-சாரி" என்று வைக்கலாம். தேடுவது 14ஐ வைத்து மட்டும், சொல் வாசிப்பவருக்காக. சொல் பிழையாக வந்தால் சரியான முகவரிக்கு 301 கொடுத்துவிடுங்கள். முந்நூறு சாமான் உள்ள கடைக்கு எங்கள் தெரிவு இதுதான். அந்தப் பெயரில் பொருளே இல்லையென்றால் "பொருள் இல்லை" என்ற பக்கத்தை 404 குறியோடு அனுப்ப வேண்டும். எல்லாம் சரி என்ற 200 குறியோடு வெறும் பக்கம் அனுப்பினால் கூகுள் அந்த வெறுமையையும் ஒரு பக்கமாக எண்ணத் தொடங்கும்.

முகவரியைத் தமிழ்லயே வைக்கலாமா? வட்ஸ்அப்பில போட்டா ஒரே நூறு வீதக் குறியா வருகுதே.

வைக்கலாம். டொமைன் என்ற தளப் பெயரைக்கூடத் தமிழில் எடுக்கலாம், ".இலங்கை" 2010 முதல் இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள். முகவரிப் பாதையில் தமிழ் எழுத்து அப்படியே பயணிக்காது. ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் வீதக் குறியோடு மூன்று எழுத்து. "மட்டக்களப்பு" என்பதில் மெய்ப்புள்ளி, உகரக் குறி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு குறி. பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கினால் 108 எழுத்து. உலாவியின் மேல்பட்டையில் அழகாகத் தமிழில் தெரிந்தது, கொப்பி பண்ணி ஒட்டும்போது இந்த 108 எழுத்தாக நீள்கிறது. பிழை ஒன்றும் இல்லை, லிங்க் திறக்கும். பார்க்க மட்டும் பயமாக இருக்கும்.

வேர்ட்பிரஸ் இப்படி மாற்றிய வடிவத்தில் 200 எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 22 குறி. நீளமான செய்தித் தலைப்பு இரண்டு மூன்று சொல்லோடு வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான். தலைப்பு தானாக முகவரியாக மாற விடாமல், இரண்டு சொல்லை நீங்களே தெரிவுசெய்து எழுதுங்கள்.

ஒளிந்திருக்கும் சிக்கல் இன்னொன்று. "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சேர்வருக்கு இரண்டு வேறு முகவரி. ஒரு விசைப்பலகையில் அடித்தது திறக்கும், இன்னொன்றில் அடித்தது 404 காட்டும். "ஸ்ரீ"யும் இப்படித்தான், ஸகரத்திலும் தொடங்கலாம், ஶகரத்திலும் தொடங்கலாம். கோயில் தளங்கள் கவனிக்க வேண்டும். கொம்பு–கால் சிக்கலுக்கு, சேமிக்கும்போதும் தேடும்போதும் "என்எஃப்சி" என்ற சீராக்கலைச் செய்தால் போதும். ஸ்ரீயை அது சரிசெய்யாது; நீங்களே ஒன்றாக மாற்றி எழுத வேண்டும்.

செய்தி, கட்டுரை போன்று லிங்காக மட்டும் பகிரப்படும் பக்கங்களுக்குத் தமிழ் முகவரி நன்றாக இருக்கும். போர்டில் எழுதுவதற்கும் போனில் சொல்வதற்கும் ஆங்கில எழுத்தில் சின்னச் சொல் வையுங்கள். அதிலும் எழுத்துக்கூட்டலை முதலே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். காத்தான்குடியின் கடைசி எழுத்தை ஒருவர் ஒய் என்பார், ஒருவர் ஐ என்பார். பொதுவாக வீதிப் பலகையில் உள்ளதை எடுத்துக்கொண்டு, மற்றதிலிருந்து ரீடிரெக்ட் கொடுத்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் எண்டா இவ்வளவு பாடும் வேணுமா?

வேண்டாம். செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ், அதில் "போஸ்ட் நேம்", சேமிப்பு. விதிகளை அது தானே எழுதிக்கொள்ளும். பிறகு பக்கமெல்லாம் 404 என்றால் அதே இடத்துக்குப் போய் ஒன்றும் மாற்றாமல் மறுபடி சேமியுங்கள். பாதிப் பேருக்கு அதோடு சரியாகும். மற்றப் பாதிக்கு மேலே சொன்ன குப்பைச் சொல் சோதனை.

.எச்டிஆக்சஸில் வேர்ட்பிரஸ் தன் தொடக்க, முடிவு அடையாளங்களுக்கு இடையே எழுதுவதை அதுவே அழித்து அழித்து எழுதும். உங்கள் விதிகளை அந்த அடையாளத்துக்கு மேலே வையுங்கள். ஒரு பதிவின் முகவரிச் சொல்லை மாற்றினால் பழையதை அது நினைவில் வைத்துத் திருப்பிவிடும். தளம் முழுவதன் அமைப்பையும் மாற்றும்போது அதை நம்பி இருக்காதீர்கள். ரீடிரெக்டை நீங்களே போடுங்கள்.

கடைசியில சாய்கோடு வேணுமா, வேணாமா?

எதுவும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். "/விலை"யும் "/விலை/"யும் கணினிக்கு இரண்டு முகவரி. கோப்புறை வழியில் அப்பாச்சி தானே சாய்கோட்டைச் சேர்த்துத் திருப்பும். ஆகவே அங்கே சாய்கோட்டோடு வையுங்கள். ரீரைட் வழியில் சாய்கோடு இல்லாமல் வைத்தால், மேலே படங்கள் காணாமல் போன சிக்கலும் வராது, ஏனென்றால் பக்கம் படி இறங்குவதில்லை. எதைத் தெரிவுசெய்தாலும் மெனு, தளவரைபடம், இதுதான் பக்கத்தின் மூல முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனோனிக்கல் குறி மூன்றிலும் அதே வடிவம் இருக்கட்டும்.

என்ட கணினியில எல்லாம் சரி. சேர்வரில ஏத்தினா சில பக்கம் மட்டும் 404.

விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கோப்பின் பெயர் பேரெழுத்தில் தொடங்கி, லிங்க் சிற்றெழுத்தில் இருந்தால் உங்கள் வீட்டில் திறக்கும், சேர்வரில் திறக்காது. சிற்றெழுத்து மட்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டாம், கீழ்க்கோடும் வேண்டாம்; சிறுகோடு போடுங்கள். லிங்குக்கு அடிக்கோடு விழும்போது கீழ்க்கோடு அதில் மறைந்துவிடும்.

வாலை எடுத்த நாளில இருந்து தொடர்புப் படிவம் வெறுமையா வருகுது. ஆக்கள் எழுதி அனுப்பினாலும் எங்களுக்கு ஒண்டும் கிடைக்கிதில்ல.

படிவத்தின் "அக்ஷன்" இன்னும் பழைய .பிஎச்பி முகவரியிலேயே நிற்கிறது. அனுப்பு பொத்தானை அழுத்தியதும் தரவு பழைய முகவரிக்குப் போகிறது. உங்கள் 301 அதைத் திருப்புகிறது. 301, 302 இரண்டிலும் உலாவிகள், தரவைச் சுமந்து செல்லும் "போஸ்ட்" கோரிக்கையை, பக்கத்தை மட்டும் கேட்கும் "கெட்" ஆக மாற்றிவிடும். எழுதிய பெயர், போன் இலக்கம், செய்தி எல்லாம் அந்தத் திருப்பத்தில் விழுந்துவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் வராததால் நாள்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகலாம். அறைப் பதிவைப் படிவத்தில் எடுக்கும் பாசிக்குடா, அறுகம்பே விடுதிகளுக்கு இது நேரடி நட்டம்.

படிவத்தின் அக்ஷனைப் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். வேறு தளங்களோ செயலிகளோ அந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், அதற்கு மட்டும் 301க்குப் பதிலாக 308 கொடுங்கள்; அது போஸ்டைப் போஸ்டாகவே கடத்தும். முகவரி மாற்றிய அன்றே ஒவ்வொரு படிவத்தையும் ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

போர்ட் அடிச்சாச்சு, நோட்டீசும் குடுத்தாச்சு, எல்லாத்திலயும் பழைய முகவரி. ரீடிரெக்டை எவ்வளவு காலம் வைச்சிருக்கிற?

குறைந்தது ஒரு வருடம் என்று கூகுள் சொல்கிறது; அது தேடுபொறிக்கான கணக்கு. போர்டில் எழுதியதற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கல்முனை வீதியில் ஐந்து வருடம் முன் எழுதிய பலகை இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்து வருபவர் இன்றுதான் முதல்முறை வருகிறார். டொமைன் உங்களிடம் இருக்கும்வரை வைத்திருங்கள். ஒரு விதி வரிக்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை முகவரி மாற்றினால் பழையதிலிருந்து இடைப்பட்டதற்கும் அங்கிருந்து புதியதற்குமாகச் சங்கிலி போடாதீர்கள். முதலாவதையும் நேரே புதியதற்குத் திருப்பிவிடுங்கள்.

புதிதாக அச்சடிப்பதானால் கியூஆர் குறியையும் யோசியுங்கள். முகவரி 32 எழுத்துக்குள் இருந்தால், குறைந்த பிழைதிருத்த அளவில் அது 25க்கு 25 கட்டத்துக்குள் அடங்கும். மேலே சொன்ன 108 எழுத்துத் தமிழ்ப் பாதையோடு டொமைனும் சேர்ந்தால் 41க்கு 41 கட்டம் வேண்டும். விசிட்டிங் காட் அளவில் கட்டங்கள் நுணுகிவிடும், பழைய போன் கமெராவுக்குப் பிடிபடாது. ஆகவே அச்சுக்கென்று "/தயிர்" போல ஒரு குட்டி முகவரியை ஆங்கில எழுத்தில் உண்டாக்கி, அதிலிருந்து உண்மையான பக்கத்துக்கு 302 கொடுங்கள், 301 வேண்டாம். அடுத்த வருடம் அந்தப் பக்கம் வேறு இடத்துக்குப் போனாலும், திருப்பும் வரியை மட்டும் மாற்றலாம். அச்சடித்த காட் அப்படியே செல்லும்.